விண்டோஸ் மறுபடி போடும்போது கீ பிரச்சினையா? குமுளிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையில் இருக்கும் குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்பம், கூடலூரிலிருந்து மலையேறி வருகிறவர்களும் உண்டு, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு, அணக்கரையிலிருந்து வருகிறவர்களும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, புதிதாக விண்டோஸ் போட வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பாதிப்பேர் தமிழில் கேட்பார்கள், பாதிப்பேர் மலையாளம் கலந்து கேட்பார்கள். சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: கீ.

கடைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்குக் கீ ஏற்கெனவே இருக்கிறது. வாங்கிய அன்றே அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். அது தெரியாமல் இன்னொரு தடவை காசு கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

அண்ணே, கீ கீங்கறீங்களே, அது என்ன? எங்க இருக்கும்?

இந்த விண்டோஸை ஓட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்டும் 25 எழுத்துதான் கீ. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து, ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவே சின்னக் கோடு போட்டு எழுதியிருக்கும். எங்கே இருக்கும் என்பது மெஷினின் வயதைப் பொறுத்தது.

விண்டோஸ் 7 காலத்து மெஷின் என்றால் ஸ்டிக்கர். லேப்டாப்பின் அடியிலோ, சிபியு பெட்டியின் பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும். சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் அந்தக் குழிக்குள் இருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, லேப்டாப் கம்பெனிகள் கீயை மதர்போர்டில், மெஷினை எழுப்பிவிடும் பயாஸ் சிப்பிலேயே பதிந்து அனுப்புகின்றன. 2015-ல் விண்டோஸ் 10-ஓடு மூன்றாவது வகை வந்தது, டிஜிட்டல் லைசென்ஸ். இதில் 25 எழுத்தை நீங்கள் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை. உங்கள் மெஷினின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும், நெட் கிடைத்ததும் அங்கே கேட்டுத் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், அதாவது உங்கள் உரிமை உறுதியாகிவிடும். விண்டோஸைத் தனியாகக் கடையில் வாங்கியிருந்தால் கீ அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் இருக்கும்.

திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், அடியில ஸ்டிக்கரே இல்ல. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

இல்லை. மேலே சொன்னபடி விண்டோஸ் 8-ஓடும் அதற்கு அப்புறமும் வந்த லேப்டாப்களில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் வருவதில்லை. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பா என்று பில்லைப் பாருங்கள். டாஸ் என்றோ லினக்ஸ் என்றோ, அதாவது விண்டோஸ் இல்லாமல் வந்ததாகப் பில்லில் இருந்தால்தான் உள்ளே கீ இருக்காது. விலை குறைகிறதே என்று அப்படி வாங்கிவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு குழப்பம்: செட்டிங்ஸில் ‘புராடக்ட் ஐடி’ என்று ஒரு நீள எண் தெரியும். அதைக் கீ என்று நினைத்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது.

ஃபார்மட் அடிச்சா கீ அழிஞ்சு போயிருமா?

பயாஸ் சிப்பில் இருக்கும் கீ அழியாது. ஹார்டு டிஸ்க்கையே கழற்றி எறிந்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டாலும் அது மதர்போர்டில் அப்படியே இருக்கும். டிஜிட்டல் லைசென்ஸும் அப்படித்தான், அது இருப்பது சர்வரில்.

அழிவது எது என்றால், தனியாக வாங்கி அடித்துவைத்த கீ. அந்த அட்டையோ, கீ வந்த ஈமெயிலோ தொலைந்திருந்தால், ஃபார்மட் செய்கிற நிமிஷத்தில் கடைசிப் பிரதியும் போய்விடும். அதனால்தான் முதலில் பார்த்து எழுதிவைக்கச் சொல்கிறேன். எப்படிப் பார்ப்பது என்பதற்கு இனி வரும் கேள்வி.

ஃபார்மட்டுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்த்து எழுதி வைக்கணும்?

பத்து நிமிஷ வேலைதான். மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால் இதைச் செய்யாமல் விண்டோஸ் போடுகிற பென் டிரைவைக் கையில் எடுக்காதீர்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். எந்தப் பதிப்பு என்று இருக்கும்: ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ. அதை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருக்கிறதா, அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருக்கவில்லை என்றால் அங்கேயே லாகின் செய்து இணைத்துவிடுங்கள். பின்னால் மதர்போர்டு போனால் இதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ என்று அடித்து (slmgr /dli) என்டர் தட்டுங்கள். சில விநாடியில் ஒரு பெட்டி வரும். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, எந்த வகை: ஓஇஎம் என்றால் மெஷினோடு வந்தது, ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது அல்லது டிஜிட்டல் லைசென்ஸ், வால்யூம் என்றால் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. இரண்டாவது, கீயின் கடைசி ஐந்து எழுத்து. அது புரோவில் 3வி66டி (3V66T), ஹோமில் 8எச்விஎக்ஸ்7 (8HVX7), சிங்கிள் லாங்குவேஜில் 6எஃப்4பிடி (6F4BT) என்று இருந்தால் அது உலகத்துக்கே பொதுவான கீ. உங்களுடையது டிஜிட்டல் லைசென்ஸ் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கீயை எழுதிவைப்பதில் பிரயோஜனம் இல்லை, பதிப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

டி எல் ஐ-க்குப் பதில் எக்ஸ், பி, ஆர் (xpr) என்று அடித்தால், நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, இல்லை ஒரு தேதியில் முடியப்போகிறதா என்று சொல்லிவிடும். 25 எழுத்தும் முழுசாகத் தெரியவேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஷோகீபிளஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இப்போது ஓடும் கீ, பயாஸில் உள்ள கீ இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். அதைப் போனில் போட்டோ எடுத்து உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பிவையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்துவிட்டு ஃபார்மட் செய்தவர்களும் உண்டு.

இன்ஸ்டால் பண்றப்ப நடுவுல நின்னு கீ கேக்குது. என்கிட்ட இல்ல. இப்ப என்ன செய்யறது?

அந்தத் திரையின் கீழே ‘என்னிடம் கீ இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டுவிட்டு மேலே போங்கள். இதற்குப் பயந்து பாதியில் மெஷினை அணைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இன்ஸ்டால் முடிந்து நெட் கிடைத்ததும், பயாஸ் கீயோ டிஜிட்டல் லைசென்ஸோ இருந்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

பல லேப்டாப்களில் அந்தக் கேள்வியே வராது. பயாஸில் உள்ள கீயைப் படித்து அதுவே பதிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நீங்களே செய்த பென் டிரைவாக இருக்கட்டும். 8 ஜிபி இருந்தால் போதும். யாரோ கொடுத்த, ‘ஏற்கெனவே ஆக்டிவேட் செய்தது’ என்று சொல்கிற பென் டிரைவை நான் தொடமாட்டேன். உள்ளே இன்னும் என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த மெஷினில்தான் நீங்கள் பேங்க் கணக்குப் பார்க்கப்போகிறீர்கள்.

ஹோம், புரோ, சிங்கிள் லாங்குவேஜ்னு வரிசையா காட்டுது. எதை அமுக்கணும்? சிங்கிள் லாங்குவேஜ் போட்டா தமிழ் வராதா?

முன்பு எது இருந்ததோ அதுதான். லைசென்ஸ் பதிப்போடு ஒட்டியது. ஹோமுக்கு உரிமை இருக்கும் மெஷினில் புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது, திரும்ப ஹோமுக்கு இறங்க மறுபடி முதலிலிருந்து போடவேண்டும். நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் நிறைய ஹோம் சிங்கிள் லாங்குவேஜோடுதான் வருகின்றன. பட்டியலில் வெறும் ‘ஹோம்’ மேலே இருக்கிறதே என்று அதை அமுக்கிவிடுவார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

தமிழ் தாராளமாக வரும். ஒரே மொழி என்பது மெனு, பட்டன் இவையெல்லாம் காட்டும் மொழிக்குத்தான். தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்வதற்கும் படிப்பதற்கும் ஒரு தடையும் இல்லை. இரண்டு விசைப்பலகையும் சேர்த்து வைத்து, மாற்றி மாற்றி அடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர்.

ஸ்டிக்கர் தேஞ்சு போச்சு. எட்டா, பி-யா, என்னன்னே தெரியல. எப்படிப் படிக்கிறது?

வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் விண்டோஸ் 7 லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். பத்து வருஷத்துக்கும் மேல் மடியிலும் மேசையிலும் உரசி, ஸ்டிக்கரின் நடுப்பகுதி வெள்ளையாகிவிட்டது. நேராக டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. லேப்டாப்பைக் கவிழ்த்துவைத்து, கடை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஸ்டிக்கரின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தேன். அச்சு விழுந்த தடம் லேசாக மின்னியது. அப்படியே போன் கேமராவில் பெரிதாக்கி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தோம்.

அதில் உதவுகிற விஷயம் ஒன்று உண்டு. எல்லா எழுத்தும் கீயில் வராது. ஆங்கில உயிரெழுத்துகளான ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் கிடையாது. எல், எஸ், இசட் கிடையாது. எண்களில் 0, 1, 5 கிடையாது. விண்டோஸ் 7 வரைக்கும் ‘என்’ (N) என்ற எழுத்தும் இல்லை, 8-லிருந்துதான் அது வருகிறது. ஆகவே வட்டமாகத் தெரிந்தால் அது ஓ-வும் இல்லை, பூஜ்யமும் இல்லை, டி-யோ (D) கியூ-வோதான் (Q). இசட் மாதிரி தெரிந்தால் அது 2. எஸ் மாதிரி தெரிந்தால் பெரும்பாலும் 8. உண்மையாகவே குழப்புவது பி-யும் 8-ம், ஜி-யும் 6-ம்தான், ஏனென்றால் இவை நான்குமே வரும். சந்தேகமான இடம் இரண்டு என்றால் நான்கு விதமாக அடித்துப் பார்த்தால் முடிந்தது. வியாபாரியின் கீ மூன்றாவது தடவையில் சரியாக அமைந்தது.

விண்டோஸ் 7 கீயை வெச்சு 10-ஓ 11-ஓ போட்டுக்கலாம்னு வீடியோவில சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்குது?

அந்த வீடியோ பழசாக இருக்கும். இலவச மேம்பாடு 2016 ஜூலை 29-ஆம் தேதியோடு முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் பழைய 7, 8 கீயை அடித்தால் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

ஆனால் இதையும் பாருங்கள். அந்த மெஷினில் அதற்கு முன்பே ஒரு தடவை விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் சர்வரில் இன்னும் இருக்கும். கீ அடிக்காமல் அதே பதிப்பைப் போட்டால் தானே எடுத்துக்கொள்ளும். 10-க்கு லைசென்ஸ் இருந்தால் 11-க்கும் அதுவே செல்லும். அங்கே தடை கீயில் இல்லை, மெஷினில்தான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதிதாக இருக்கவேண்டும்.

ஆக்டிவேட் ஆகலேன்னு ஏதோ நீள நம்பர் காட்டுது. அதுக்கு என்ன அர்த்தம்?

நம்பரைப் பார்க்கும் முன்னால் மெஷினில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு 3 வோல்ட் செல் இருக்கும். அது தீர்ந்துபோனால் கரண்டு போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே அமையாது, பிறகு எங்கே ஆக்டிவேட் ஆவது? மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டு அடிக்கடி போகும். அப்போது வரும் ‘கீ பிரச்சினை’யில் சில, ஒரு செல்லை மாற்றியதும் சரியாகிவிட்டிருக்கின்றன. நெட்டும் சரியாக இருக்கவேண்டும். இங்கே போனின் ஹாட்ஸ்பாட் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஜன்னல் பக்கம் வைத்து இன்னொரு தடவை முயன்று பாருங்கள்.

இனி நம்பர். கடைசி நான்கு எழுத்தைப் பாருங்கள். எஃப்213 என்றால் இந்த மெஷினில் கீ எதுவும் கிடைக்கவில்லை. எஃப்211 என்றால் உள்ளே ஏதோ முக்கியமான பாகம் மாறிவிட்டது. 7001 என்றாலும் ஏறக்குறைய அதுதான், இந்த மெஷினுக்கு லைசென்ஸ் எதுவும் பதிவில் இல்லை என்கிறது. முதல் வேலையாகச் சரியான பதிப்பைத்தான் போட்டோமா என்று பாருங்கள். சி008 என்றால் அந்தக் கீ வேறு மெஷினில் ஓடுகிறது, அல்லது அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. சி003 என்றால் கீயை முடக்கிவிட்டார்கள். எஃப்050 என்றால் கீ தப்பு, அல்லது வேறு பதிப்புக்கான கீ. ஸ்டிக்கர் பற்றிச் சொன்ன பி, 8 குழப்பத்தை முதலில் சந்தேகப்படுங்கள். எஃப்074 வந்தால் அது கம்பெனிக் கீ. செகண்ட் ஹேண்டு லேப்டாப் கேள்விக்குப் போங்கள்.

இடி விழுந்து மதர்போர்டு போச்சு சேட்டா. புதுசு மாத்தினதும் விண்டோஸ் கீ கேக்குது. வாங்கித்தான் ஆகணுமா?

துலாவர்ஷம் வந்துவிட்டால், அதாவது ஐப்பசி மழையில், மதியத்துக்கு மேல் இங்கே இடி இறங்கும். ஒவ்வொரு வருஷமும் தேக்கடியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வருவார்.

லைசென்ஸ் எந்த வகை என்பதுதான் பதில். தனியாக வாங்கிய ரீடெய்ல் என்றால் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கீயை மறுபடி அடியுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிரபிள்ஷூட்’ என்பதை அழுத்தி, ‘சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்ற வரியைத் தொட்டு, அதே கணக்கில் லாகின் செய்தால் பழைய மெஷினின் பெயர் வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். மெஷினோடு வந்த ஓஇஎம் என்றால் அது அந்தப் போர்டோடு கட்டுண்டது. வெளியில் வாங்கிய போர்டுக்கு அது வராது.

கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே போர்டு மாற்றினால் புதிய போர்டில் கீயை அவர்கள் பதிந்து கொடுப்பது முறை. சில சமயம் விட்டுவிடுகிறார்கள். கவுண்டரை விட்டு நகரும் முன்னால் அங்கேயே போட்டு ஆக்டிவேட் ஆகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டால் மறுபடி தேனிக்கோ கோட்டயத்துக்கோ பஸ் ஏறவேண்டியதாகிவிடும்.

ஆன்லைன்ல 300 ரூபாய்க்குப் புரோ கீ கிடைக்குது. வாங்கிப் போட்டுக்கலாமா?

முதலில் பயாஸில் கீ இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இருந்தால் அந்த 300-ம் வீண். புரோ உங்களுக்கு எதற்கு என்றும் ஒரு தடவை யோசியுங்கள். வீட்டுக் கணக்குக்கும் பிள்ளைகள் படிப்பதற்கும் ஹோம் போதும்.

இவ்வளவு குறைந்த விலையில் வருகிற கீ பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனிக்கோ கல்லூரிக்கோ மொத்தமாகக் கொடுத்த வால்யூம் கீயாக இருக்கும். ஒரே கீயைப் பல பேருக்கு விற்பார்கள். அன்றைக்கு ஆக்டிவேட் ஆகும். மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்து முடக்கிய அன்று மேலே சொன்ன சி003 வரும், விற்றவர் போன் எடுக்கமாட்டார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் டி எல் ஐ அடித்துப் பாருங்கள். தனிப்பட்ட ஒருவருக்கு விற்ற கீயில் ‘வால்யூம்’ என்று வரக்கூடாது.

எங்க சென்டர்ல அஞ்சு சிஸ்டம் இருக்கு. ஒரு கீ வாங்கி அஞ்சுலயும் போடலாமா?

ஒரு கீ, ஒரு மெஷின். இரண்டாவதில் போடும்போதே சி008 வரலாம். ஐந்தும் விண்டோஸோடு வாங்கியவை என்றால் ஐந்துக்கும் தனித்தனியாக பயாஸில் கீ இருக்கும்.

செகண்ட் ஹேண்டுல ஆபீஸ் லேப்டாப் வாங்கினேன். ஆறு மாசம் நல்லா ஓடுச்சு, இப்ப ஆக்டிவேட் பண்ணுங்குது. ஏன்?

ஆறு மாசம் என்றாலே காரணம் தெரிந்துவிட்டது. பெரிய ஆபீஸ்களில் கேஎம்எஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே உள்ளே ஒரு சர்வர் இருக்கும், எல்லா மெஷினும் அதனிடம் 180 நாளுக்குள் ஒரு தடவையாவது போய் வரவேண்டும். உங்கள் லேப்டாப் அந்த ஆபீஸை விட்டு வந்துவிட்டது. 180 நாள் முடிந்ததும் போய்க் கேட்க ஆளில்லை.

பெரும்பாலும் இதற்கு நல்ல முடிவுதான். ஆபீஸ் லேப்டாப்களில் பல, புரோ கீயோடு வந்தவை. ஆபீஸ்காரர்கள் அதன்மேல் தங்கள் வால்யூம் பதிப்பைப் போட்டிருப்பார்கள். ஷோகீபிளஸில் பயாஸ் கீ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘கீயை மாற்று’ என்ற இடத்தில் அடியுங்கள், ஃபார்மட் கூட வேண்டாம். அந்தப் பக்கத்தில் பதிப்பு எண்டர்பிரைஸ் (கம்பெனிகளுக்கான பதிப்பு) என்று இருந்தால் மட்டும் சுத்தமாகப் புரோ போட்டுவிடுவது நல்லது.

‘ஆக்டிவேட்டர்’ என்று சுற்றுகிற மென்பொருட்களில் பல செய்வதும் இதே வேலையைத்தான். உங்கள் மெஷினுக்குள்ளேயே பொய்யாக ஒரு கேஎம்எஸ் சர்வரை வைத்துவிடும். அதற்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கச் சொல்வது போல இது. எவ்வளவு கேட்டாலும் என் கடையில் அதைப் போடுவதில்லை.

நீலத் திரையில கீ கேக்குது. 25 எழுத்தும் அடிச்சுட்டேன், எடுக்கல. 48 நம்பர்னு போட்டிருக்கு. இது என்ன புதுசா?

தயவுசெய்து இந்தப் பதிலை அவசரப்படாமல் படியுங்கள். கீயில்லாமல் விண்டோஸ் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இதில் போனால் போட்டோ, புராஜெக்ட், கணக்கு எதுவும் திரும்பி வராது.

அது பிட்லாக்கர் ரெக்கவரி கீ. டிரைவில் உள்ளதையெல்லாம் பூட்டிவைக்கும் ஏற்பாட்டின் சாவி. எண்கள் மட்டும்தான், ஆறு ஆறாக எட்டுக் கட்டம். விண்டோஸ் லைசென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தாலே டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. நீங்கள் பென் டிரைவில் பூட் செய்ய பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைப்பீர்கள், மெஷின் சந்தேகப்பட்டு நின்றுவிடும். சாவி அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும். வேறு போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், உங்கள் டிவைஸ் பெயருக்குக் கீழே பாருங்கள். நீலத் திரையில் ஒரு கீ ஐடி தெரியும். அதன் முதல் எட்டு எழுத்து பொருந்துகிற சாவிதான் உங்களுடையது.

பீர்மேட்டுத் தோட்டக் குடும்பத்திலிருந்து நர்சிங் படிக்கப் போன ஒரு பிள்ளை, கடைசி வருஷ புராஜெக்ட்டோடு லேப்டாப்பைக் கொண்டுவந்தது. தனக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கே இல்லை என்றது. விற்ற கடையில்தான் ஏதோ ஒரு ஈமெயில் போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். அது எது என்று அவர்களுக்கும் ஞாபகம் இல்லை. போனில் அம்மாவைக் கூப்பிட்டு, பீரோவில் வாரண்டி அட்டை இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். உள்ளே போனோம், சாவி இருந்தது. 48 எண்ணையும் அந்தப் பிள்ளை வாசிக்க நான் அடித்தேன். கடைசிக் கட்டம் முடிந்து விண்டோஸ் திறந்தபோது அது அழுதுவிட்டது. அந்தப் பென்சில் எழுத்து இல்லாமல் போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது, வேறு யாராலும் முடியாது. ஆகவே ஃபார்மட்டுக்கு முன் எழுதிவைக்க வேண்டியவற்றில் இந்த 48 எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வந்துருச்சு, ஆனா வேர்டு, எக்செல் போயிருச்சு. அதுக்கும் இதே கீயா?

இல்லை, வேர்டும் எக்செலும் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் லைசென்ஸ் தனி. லேப்டாப்போடு வந்த ஆபீஸ் என்றால் முதல் தடவை எந்தக் கணக்கில் ஆரம்பித்தீர்களோ அதில் ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கில் உள்ளே போய் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். கணக்கை மறந்தவர்கள் முதலில் வாரண்டி அட்டையைத் தேடுங்கள்.

ஆக்டிவேட் பண்ணாமலே ஓட்டினா என்னாகும்?

ஓடும். மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று எழுத்து நிற்கும், பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற விடாது. கோப்பு எதுவும் அழியாது. ஆகவே பதறி அன்றைக்கே கிடைத்த கீயை வாங்காதீர்கள், நிதானமாகத் தேடுங்கள். நிரந்தரமாக அப்படியே வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல கீயே கேட்டதில்லையே. அதையே வீட்லயும் போட முடியாதா?

இதைக் கேட்டது வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி மாணவன். அவன் சொன்னது சரி. கேரள அரசுப் பள்ளிகளில் விண்டோஸ் கிடையாது. கைட் என்ற அரசு அமைப்பு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவசமான உபுண்டு லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தயாரித்துக் கொடுப்பதைத்தான் போட்டிருக்கிறார்கள். லினக்ஸுக்குக் கீயும் இல்லை, ஆக்டிவேஷனும் இல்லை. எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம். தமிழ்நாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இதை அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள், மலைக்கு மேல் இருக்கிறவர்களுக்கு இது பழகியது.

11 ஏறாத பழைய மெஷினுக்கும், டாஸோடு வாங்கிக் கீயே இல்லாத மெஷினுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நெட் பார்க்க பிரவுசர் இருக்கிறது. கடிதம் அடிக்க, ஏலக்காய்க் கணக்கைக் கட்டம் போட்டு வைக்க, வேர்டு, எக்செல் போன்ற இலவச லிப்ரேஆபீஸ் போதும். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விண்டோஸ்தான் வேண்டும். ஒரு நாள் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றால் இன்ஸ்டால் கூடச் செய்யவேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும். பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பயாஸில் விண்டோஸ் கீ இருந்தால் அது அங்கேயே இருக்கும், பின்னால் மனம் மாறி விண்டோஸுக்குத் திரும்பினாலும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பையனின் அப்பா ஓட்டும் ஜீப்பின் டிரிப் கணக்கு இப்போது லினக்ஸில்தான் இருக்கிறது.